கடிபட்ட வயர்

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகக் கார் கிளம்பவில்லை. ரோஸ்லின் இறங்கி பானெட்டைத் திறந்தாள். புகையிலை கட்டிப் பார்த்தாயிற்று, பாச்சை உருண்டை போட்டுப் பார்த்தாயிற்று. போன வாரம் மெக்கானிக் வயருக்குக் கம்பிவலையே சுற்றிக் கொடுத்திருந்தார். வலைக்கு வெளியே விட்டுப்போன ஒரு விரல் நீளத்தைத் தேடிப்பிடித்துக் கடித்திருந்தது எலி.

“மறுபடியும் எலியா?” என்றார் பின்சீட்டிலிருந்து அவள் கணவர் தேவசகாயம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு வருஷமாக அவள்தான் ஓட்டிக்கொண்டு போகிறாள்.

“ஆமாங்க.”

“அப்போ இன்னிக்கு ஒரு நாள் விட்டுருவோமே, ரோசி.”

அவர் முகத்தில் மழைக்கு லீவு விட்ட பிள்ளையின் சந்தோஷம். திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. பானெட்டை மூடிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகு சீட்டில் சாய்ந்த பிறகுதான் எவ்வளவு அலுத்திருக்கிறோம் என்று தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார், “ஆட்டோ கூப்பிடலையா?”

“கூப்பிடுறேன்” என்று சொல்லி, போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.