வடியக் கூடாத தண்ணீர்

"இழுக்காதடா, தூக்கு. சேத்துல தடம் விழுந்தா மாட்டிக்குவோம்," என்றார் வெற்றிவேல்.

மனைவியின் தம்பி மதிவாணனுக்கு மூச்சு வாங்கியது. வாயைக் கட்டிய அந்தக் கனத்த சாக்கை இருவருமாகப் புதருக்குள் இறக்கிவிட்டு, சாலையைப் பார்த்தார்கள். பொழுது சாய்ந்திருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை.

"மாமா, பாவம் இல்லையா இது?"

"எம் பயிரு செத்துப் போச்சே, அது பாவம் இல்லையா?"

சாக்குகளில் இருந்தது மணல்தான். புயல் மழை காலையிலேயே விட்டு, வெயிலும் அடித்துவிட்டது. வயலில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. அதுதான் வெற்றிவேலுக்குப் பயம்.

பால் பிடிக்கிற நேரத்தில் மூழ்கிய கதிர் அத்தனையும் பதர். ஆனால் வெளியே பார்த்தால் பச்சைப் பசேலென்று நிற்கும். பக்கத்து வயலுக்குச் சேதம் கணக்கெடுக்க வந்த ஆபீசர், "பயிர் நல்லாத்தானே இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் நின்ற வயலைத்தான் போட்டோ எடுத்தார். நாளைக் காலை இங்கே வருகிறார்.

"இன்சூரன்ஸ் கட்டாதவங்களுக்கும் நிவாரணம் உண்டுன்னு கவர்மெண்ட்டே சொல்லிடுச்சு. அதையும் விட்டுட்டா எனக்கு வேற நாதி ஏதுடா?"

இன்சூரன்ஸுக்குக் கடைசி நாளன்றுதான் அவருடைய ஒரே மகள் சிந்துஜாவுக்கு வளைகாப்பு. பாண்டி டவுனுக்குள் நெல்லித்தோப்பில், வாய்க்காலை ஒட்டிய மருமகன் வீட்டில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த நினைப்பே வரவில்லை. பிரசவத்துக்கு இங்கே வந்தவளைக்கூட, புயல் என்றதும் பச்சைக் குழந்தையோடு அங்கேயே அனுப்பிவிட்டார். டவுனுக்குள் இருந்தால் பயமில்லையே.

வயலோரம் ஓடும் வாய்க்காலில்தான் பாண்டி டவுன் மழைத்தண்ணீர் வடிந்து கடலுக்குப் போகும். அங்கிருக்கும் சின்னப் பாலத்தின் அடியில் அடைத்துவிட்டால், தண்ணீர் வயலுக்குள் ஏறி நிற்கும்.

"ஆபீசர் போட்டோ எடுத்துட்டுப் போனதும் புடுங்கிப் போட்டுடலாம். ஒரு ராத்திரிதான்டா."

கடைசி மூட்டையையும் திணித்தார்கள். ஓடிவந்த பால் கவரும் தண்ணீர் பாட்டிலும் சட்டென்று நின்றன. ஒரு ரப்பர் செருப்பு மட்டும் சுழன்று, வந்த வழியே மெல்லத் திரும்பியது. மதிவாணனுக்கு ஏனோ அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"செருப்பு திரும்பிப் போவுது மாமா."

"போவட்டும். உடையவங்ககிட்டயே போய்ச் சேரட்டும்."

அன்றைக்கு அப்போதுதான் வெற்றிவேல் முதல்முறையாகச் சிரித்தார்.

நன்றாக இருட்டியபோது வயலில் முழங்கால் அளவு தண்ணீர். பச்சை பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. வரப்பில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார். அப்பாடா என்றிருந்தது.

போன் அடித்தது. சிந்துஜா.

"சொல்லும்மா. புள்ள தூங்குதா?"

மறுமுனையில் குழந்தை வீறிட்டு அழுதது.

"அப்பா, மழையே இல்லப்பா... வாய்க்கா தண்ணி கட்டில் மட்டத்துக்கு ஏறிடுச்சு!"