நங்கூரப் பரீட்சை

"அதுவா படகு? துணி ஊறவைக்கிற தொட்டி மாதிரி இருக்கு!"

பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார் அட்மிரல். முப்பது வருடம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடற்படைக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. போன வருடம் ஒரு படகும், தங்கக் கரை போட்ட தொப்பியும் வாங்கினார். அன்றிலிருந்து படகுத்துறையில் எல்லோருக்கும் அவர் அட்மிரல். அது கிண்டல் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

இரண்டு தீவுகளுக்கு நடுவே படகு நிறுத்த வாகான ஓர் இடம் இருந்தது. காலையிலேயே மனைவி, மகளோடு அங்கே வந்து நங்கூரம் போட்டுவிட்டார். நங்கூரம் பிடித்து நிற்கக் கயிற்றை நீளமாக விடுவதெல்லாம் பயந்தாங்கொள்ளிகள் வேலை என்பது அவர் கட்சி.

சற்றுத் தள்ளி, தீவை ஒட்டி, அந்தத் தொட்டி இப்போதுதான் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று அட்மிரலின் மகள் ஆறு மாதமாக ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவனிடமும் ஒரு படகு இருக்கிறது என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட, "வரச் சொல்லு, பாத்துடலாம்" என்று இவர்தான் கூப்பிட்டிருந்தார்.

"அப்பா, படகைப் பாக்காதீங்க. ஆளைப் பாருங்க."

"ஆளைத்தாம்மா பாக்குறேன். நீச்சல் தெரியாத பயல் மாதிரி கரையோரமாவே ஒட்டிக்கிட்டு நிக்கிறான். பத்துக்கு மூணு மார்க். அதுவும் உன் முகத்துக்காக!"

"அவர் காரணம் இல்லாம எதையும் செய்ய மாட்டார்."

"ஓஹோ! சரி, மத்தியானம் கடல் வத்தித் தண்ணி இறங்க ஆரம்பிக்கும். இந்தத் தீவு இடுக்குல ஓட்டம் ஆத்து வெள்ளமா இழுக்கும். அப்பத் தெரியும் யாரோட யோக்கியதை என்னன்னு. பந்தயமே வச்சுக்கலாம். சாயங்காலத்துக்குள்ள எவன் நங்கூரம் நழுவுதோ, அவன் இந்தக் கல்யாணத்தைப் பத்தி அப்புறம் மூச்சு விடக்கூடாது. சம்மதமா?"

"ரெண்டு பேர் வாழ்க்கையை ஒரு கயித்துல கட்டுறீங்களேப்பா. சரி, நழுவலைன்னா?"

"நழுவலைன்னா உன் இஷ்டப்படி கட்டிக்கோ."

"அம்மா, நீயாவது சொல்லேன்!"

அம்மா குறுக்கெழுத்துப் போட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள். "நான் என்னத்தைச் சொல்ல? என்னைக் கேட்டுத்தான் இந்த வீட்ல எல்லாம் நடக்குதா?"

மத்தியானம் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அட்மிரலின் படகு மெல்லத் திரும்பி, ஓட்டத்துக்கு எதிராக மூக்கை நீட்டிக்கொண்டது. அவர் பின்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடிக்காரனையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம படகு எப்படித் திரும்பிடுச்சு பாத்தியா? அதுதான் லட்சணம். அவனோடது இன்னும் குறுக்காலயே நிக்குது. ஓட்டம் எந்தப் பக்கம்னு படகுக்கும் தெரியல, ஓட்டுறவனுக்கும் தெரியல. ரெண்டு மார்க்!"

பார்க்கவே பயந்து மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். அட்மிரல் துள்ளி எழுந்தார்.

"வர்றான்! வர்றான்! நழுவிடுச்சு! நான் சொன்னேனா இல்லையா?"

அவள் பதறிப்போய்த் திரும்பினாள். உண்மைதான். காலையில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்த படகு இப்போது பெரிதாகியிருந்தது. அவன் சட்டைக் கோடுகூடத் தெரிந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தான். எதிர்க்காற்றில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

"கெஞ்சறான் பாரு!" அட்மிரலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பைனாகுலரைக் கழற்றி வைத்தார். "இனிமே இது எதுக்கு? பய மூக்குக்கு நேரா வந்துட்டான். போட்ட மார்க்கையும் அடிச்சுட்டேன். முட்டை! இவன் கையில பொண்ணைக் குடுத்தா குடும்பத்தை எந்தக் கரையில கொண்டுபோய் மோத விடுவானோ!"

"கல்யாணம் கிடக்கட்டும், மொதல்ல அவருக்குக் கயிறு எறிங்கப்பா!" மகள் அழுதேவிட்டாள்.

"எறியலாம், எறியலாம். இன்னும் கொஞ்சம் கத்தட்டும். அப்பதான் புத்தி வரும்."

ஐம்பது அடி. முப்பது அடி. அட்மிரல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பரீட்சை ஹாலில் அதட்டும் அதே குரலில் அதட்டினார்.

"ஏய் கண்ணாடி! ஊர் கண்ணையெல்லாம் சோதிக்கிறியே, உனக்குக் கண்ணு தெரியலையா? கொண்டுவந்து என் மேல ஏத்துறியே!"

அவன் தன் படகின் விளிம்பைத் தாண்டிச் சட்டென்று கீழே இறங்கினான். மூழ்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றான். நாலடி நடந்து வந்து, அட்மிரலின் படகை இரண்டு கைகளாலும் தாங்கி நிறுத்தினான்.

"சார், தண்ணி இறங்கும்னு தெரிஞ்சு என் படகை மணல்ல உக்கார வச்சு ஒரு மணி நேரமாச்சு," என்றான் மூச்சு வாங்க. "அது எங்கேயும் நகரல. வந்துக்கிட்டிருக்கிறது நீங்கதான்!"

அட்மிரல் திறந்த வாயை மூடுவதற்குள், அம்மா எழுந்து முன்னால் வந்தாள்.

"மாப்பிள்ளை, இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிங்க!"