அசையாமல் நின்றது

வயலுக்கு மருந்து தெளிக்கும் ரிமோட் ஹெலிகாப்டரை ஓட்ட ஆள் எடுக்கிறார்கள். நாளைக்குத் தேர்வு. ஒரு நிமிஷம் அதை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த வேண்டும். நைட் ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டு வந்த எனக்கு இதுவும் போனால் வேறு போக்கிடம் இல்லை.

திருவையாற்றுக்கு வெளியே எங்கள் களத்தில் பழகினேன். விதைநெல் தூற்றி முடித்த பதர் தரையெல்லாம் பரவிக் கிடந்தது. என் சின்ன ஹெலிகாப்டரைத் தோள் உயரத்துக்கு ஏற்றினேன். வழக்கம்போல் இடப்பக்கம் நழுவியது. நழுவிய பிறகு இழுத்தால் பயனில்லை. நழுவப் போகும்போதே ரிமோட்டின் குச்சியை மயிரிழை தள்ள வேண்டும். தள்ளினேன். அப்படியும் நழுவியது.

பதரைக் கூட்ட வந்த செந்தாமரை அக்கா சிரித்தாள். "எந்த வேலையிலடா நீ நின்ன, அது மட்டும் நிக்கிறதுக்கு?"

அப்போது அது நின்றது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தும் அசையவில்லை.

"நிப்பாட்டிட்டேன், பாருக்கா!"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறிக் காற்றில் பதர் நாலாபக்கமும் பறந்துபோயிருந்தது. ஹெலிகாப்டருக்கு நேர் கீழே இரண்டு இடத்தில் மட்டும் பறக்கவில்லை. அங்கே பதர் மனிதப் பாத வடிவில் அழுந்திக் கிடந்தது.

"அதைக் கீழ இறக்குடா."

"இறக்கிட்டேன்க்கா."

ரிமோட்டை முழுதாக அணைத்திருந்தேன். விசிறி சுற்றுவது நின்றுவிட்டது. ஹெலிகாப்டர் தோள் உயரத்திலேயே இருந்தது.

எங்கள் பக்கம் ஒதுங்கிக் கிடந்த பதரில் மூன்றாவது பாதத் தடம் அழுந்தியது. ஹெலிகாப்டர் ஓர் அடி எங்கள் பக்கம் வந்து, மறுபடியும் அசையாமல் நின்றது.