ரோஷீன் நின்ற இடம்

டிக்கெட் வாங்கிக்கொண்டு கால்நடைக் கண்காட்சிக்குள் நுழைவது ஃபின்டனுக்கு இதுதான் முதல் தடவை.

நாற்பது வருஷமாகப் பின்வாசல் வழியாக, மாடு ஏற்றிய டிரெய்லரோடு வந்தவர். முழங்கால் இரண்டும் போய், போன வசந்தத்தில் மாடுகளை விற்றுவிட்டு, இந்த ஆகஸ்டில் வெறும் பார்வையாளர்.

"இன்னிக்காவது நிம்மதியா சுத்திப் பாரு," என்றாள் மனைவி பிரீட்.

பார்த்தார். கேக் போட்டிக் கூடாரத்தில், பரிசு வாங்கிய கேக்கில் குறை கண்டுபிடித்தார். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு கட்சிக்கும் மாறி மாறிக் கத்தினார். அயர்லாந்துத் தூறலில் நனைந்தபடி ஐஸ்கிரீம் தின்றார்.

எதிர்ப்பட்டவர்களெல்லாம் துக்கவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அவர் தோளைத் தொட்டார்கள். ரோஷீன் வந்திருக்கிறதே, பார்த்தாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ரோஷீன் அவருடைய செவலைப் பசு. பக்கத்துப் பண்ணை கொல்ம் வாங்கியிருந்தான்.

மேய்ச்சலின் எந்த மூலையில் நின்றாலும், அவர் நாக்கை இரண்டு தடவை சொடுக்கினால் வந்துவிடுவாள். வந்து, அவர் கோட்டுப் பையில் ரொட்டித் துண்டைத் தேடுவாள். மாடுகள் போன பிறகும் பாத்திரம் கழுவும்போது அவர் நாக்கு தானாகச் சொடுக்கும். பிரீட் கேட்காத மாதிரி இருந்துவிடுவாள்.

ஐந்து வருஷம் அவர் அவளைப் போட்டிக்குக் கொண்டுவந்தார். ஐந்து வருஷமும் இரண்டாம் இடம். மாடு நல்ல மாடுதான், பிடிக்கிற கைதான் சரியில்லை என்று ஒரு நடுவர் ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார். ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார்.

இப்போது வெள்ளைக் கோட்டு போட்டு அவளை நடத்திக்கொண்டு வந்தவன் கொல்ம்.

கொல்ம் நல்லவன். ஃபின்டனைத் தேடிப் பிடித்து, போட்டிக்களத்து வேலியோரம் நாற்காலி போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. வயிறு எரிந்தது. ஆறு மாதத்தில் அவள் நடையே மிடுக்காக மாறியிருந்தது.

சாம்பியன் யாரென்று நடுவர் வாயால் சொல்வதில்லை. எந்த மாட்டின் பின்சப்பையில் தட்டுகிறாரோ, அதுதான் சாம்பியன்.

கடைசிச் சுற்று. நடுவர் நேராக ரோஷீனை நோக்கி நடந்தார். கை பாதி உயர்ந்துவிட்டது.

ரோஷீன் நின்றாள்.

காதை விறைத்தாள். தலையைத் திருப்பினாள். பிறகு கொல்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, வேலியோரம் வந்து ஃபின்டனின் மேல் மூக்கை வைத்தாள்.

நடுவர் உதட்டைப் பிதுக்கினார். சொன்ன பேச்சுக் கேட்காத மாட்டுக்குச் சாம்பியன் பட்டம் எப்படிக் கொடுப்பது? அவர் கை பக்கத்திலிருந்த கறுப்பு மாட்டின் மேல் விழுந்தது.

கூட்டம் அதைக் கவனிக்கவே இல்லை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவரே சாம்பியனை அறிவிக்க மறந்துவிட்டார்.

இரண்டாம் பரிசின் நீல ரிப்பனைக் கொல்ம் கொண்டுவந்து ஃபின்டனின் கோட்டில் குத்தினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"பரிசு போனா போகுது. உங்கள மறக்கல பாருங்க. எப்ப வேணும்னாலும் வந்து பாத்துட்டுப் போங்க."

ஃபின்டன் தலையாட்டினார். ரிப்பனைத் தடவிப் பார்த்தார். வீட்டில் இருக்கும் ஐந்தும் இதே நீலம்தான்.

ரோஷீன் அவர் கோட்டுப் பையை விட்டு நகரவில்லை.

பிரீட் மட்டும் அழவில்லை. நாற்காலியை ஒட்டி நின்றிருந்தவள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"கூப்பிட்டியே, ஒரு துண்டு ரொட்டியாவது கொண்டுவந்திருக்கலாம்."