டிரைவர் வாங்கிய கெளுத்தி

"பெத்த பொண்ணு வாய் கோணிப்போய்க் கிடக்கா. இந்த மனுஷனுக்கு மீனோட மீசைதான் பெரிசா இருக்கு!"

சமையலறையிலிருந்து அம்மா போட்ட சத்தம் அடுத்த வீடு வரை கேட்டிருக்கும். டிரைவர் காதில் மட்டும் விழவில்லை. பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்த கையோடு, சட்டையைக்கூட மாற்றாமல், மீன் தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாயிற்று.

அவர் முதுகுக்குப் பின்னால், கட்டிலில், மகள்.

ஒருநாள் காலை பல் தேய்த்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தவள் அலறிவிட்டாள். இடது பக்க முகம் தொங்கிப் போயிருந்தது. இடது கண் மூடவே இல்லை.

"முகவாதம். பயப்படாதேம்மா, சரியாயிடும். கன்னத்தை உப்பு, புருவத்தைத் தூக்கு. பயிற்சியை மட்டும் விட்டுடாதே" என்றார் டாக்டர்.

பெரிய கடை ஒன்றின் வாசல் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவளுடைய வேலை. சிரிப்பே கோணிக்கொண்டால் பாவம், என்ன செய்வாள்? வீட்டிலிருந்த கண்ணாடிகளை எல்லாம் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"யாரும் என் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது!" என்று உத்தரவும் போட்டாள்.

அம்மாவால் அது முடியவில்லை. சாப்பாடு வைக்கிற சாக்கில் பார்த்தாள். பார்க்கிறபோதெல்லாம் மூக்கைச் சிந்தினாள். டிரைவர்தான் உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். மறுநாளே ஒரு தொட்டியையும் ஆறு குட்டிக் கெளுத்தி மீன்களையும் வாங்கி வந்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரோரம் வைத்து, மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

"இந்த நேரத்துல மீனு கேட்குதா? அதுவும் ஆறு!" என்று அம்மா அன்றைக்கே பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு ரெண்டு வாங்கினா பயந்து மூலையில ஒடுங்கிடுமாம். கும்பலா இருந்தாத்தான் நடமாடுமாம்."

"இங்கே ஒருத்தி மூலையில ஒடுங்கிக் கிடக்கறது உங்க கண்ணுல படலையாக்கும்!"

டிரைவர், கூழாங்கல்லில் உரசினால் மீசை தேய்ந்துவிடுமென்று நைசான மணலைக் கழுவிக் கழுவிப் போட்டார். மிதக்கிற தீனி வேண்டாமென்று, அடியில் போய் விழுகிற தீனியாகத் தேடி வாங்கினார். மீன்களும் யார் வம்புக்கும் போகாத சாதுக்கள். நாள் பூராவும் மணலைத் துழாவிக்கொண்டிருக்கும். ஒன்று நகர்ந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே போகும்.

"பார்க்காதீங்கன்னு சொன்னா, நிஜமாவே பார்க்காம இருந்துடுவாங்களாம்மா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். அம்மா மறுபடி மூக்கைச் சிந்தினாள்.

இன்றைக்கு மகள் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கேடி கிளம்பறே?" அம்மா பதறிப்போய் வந்தாள்.

"ஃப்ரெண்ட் ரூமுக்கு. இனிமே அங்கேதான். கடைக்கும் வரலைன்னு சொல்லிடப் போறேன்."

"வைத்தியம்?"

"ஒண்ணும் வேண்டாம். கன்னத்தை உப்பி உப்பி வாய் வலிக்குது. ஒரு மாற்றமும் இல்லை. என் மூஞ்சியைப் பார்க்க அப்பாவுக்கே அருவருப்பா இருக்கு. அப்புறம் நான் எதுக்கு இங்கே?"

"கேட்டீங்களா? இப்பவாவது திரும்பி ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!"

டிரைவர் திரும்பவில்லை. ஆனால் வாயைத் திறந்தார்.

"பயிற்சியை நிறுத்தாதேம்மா. இடது கண்ணு இப்ப பாதி மூடுது."

"யாருக்கு?" என்றாள் மகள்.

"உனக்குத்தான். முன்னெல்லாம் நீ அசந்து தூங்கறப்பகூட அது திறந்தே கிடக்கும். கன்னத்தை உப்பினா காத்து உடனே போயிடும். இப்ப கொஞ்சம் நிக்குது. நேத்து போன்ல யாரோ என்னவோ சொன்னாங்கன்னு சிரிச்சியே, அப்ப வாயோரம் லேசா மேல ஏறுச்சு."

"நீங்க எங்கே பார்த்தீங்க? இந்தப் பக்கம் திரும்பினதே இல்லையே!"

டிரைவர் முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். மகள் போய் அவர் தோளருகே குனிந்து பார்த்தாள்.

தொட்டியில் விளக்குப் போடவில்லை. பின்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அடியில் மணலோடு மணலாக ஆறு கெளுத்திகள் கும்பலாக மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே, அறையின் வெளிச்சத்தில், தொட்டிக் கண்ணாடி முழுக்க அவளுடைய கட்டில், தலையணை, பாதி திணித்த பை. குனிந்த அவளுடைய முகமும் தெரிந்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இடது கண்ணை மூட முயன்று பார்த்தாள். பாதி மூடியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

எட்டிப் பார்த்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"அதுக்காக இந்த மீசைக்காரங்கதான் கிடைச்சாங்களா? வாங்கறதே வாங்கினீங்க, கலர் கலரா நல்ல மீனா வாங்கக் கூடாதா?"

"கேட்டேன். அதெல்லாம் தொட்டி பூரா சுத்துமாம். இதுங்கதான் அடியிலயே கிடக்கும், பொண்ணு முகத்தை மறைக்காது."