எதிரே நின்றவர்கள்

"இந்த ஃபிலிம் ரோல் சரியா விழலைன்னா கேமரா வகுப்பு வேணாம், நின்னுடு" என்றிருந்தான் கணவன். தேன்மொழி வெயில் மறைக்கும் ஹூடை லென்ஸில் திருகி, இறுக்கத்தை மூன்று முறை சோதித்து, மாமியார் புடவை மாற்றி வரும்வரை தூசி படாமல் மூடியும் போட்டுவைத்தாள். பிறகு புகுந்த வீட்டாரை நிறுத்தி முப்பத்தாறு படங்கள் எடுத்தாள். எல்லோரும் அவ்வளவு அழகாகச் சிரித்தார்கள்.

கழுவிய சுருளில் ஒன்றுமே இல்லை.

"மூடியக் கழட்டலயாம்மா?" என்றார் வகுப்பு ஆசிரியர். "இந்தச் சின்ன கேமராவுல பாக்கற கண்ணாடி தனி, மூடி இருந்தாலும் எடுக்கறவங்களுக்குத் தெரியாது. எதிர்ல நின்னவங்க யாரும் சொல்லலயா?"

நாலு வயது மகள் கேமராவைக் காட்டி விரல் நீட்டியதும், கணவன் சிரித்தபடியே அந்த விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. "ஆடாம நில்லுடி சனியனே" என்று குழந்தையை அதட்டியது தேன்மொழிதான்.