பிரவுன் ஷீட் போட்ட தொட்டி

ஒரு வீட்டு ஹாலில் புதுக் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. அதற்குள் மண் பரப்பி, கதகதப்புக்கு ஒரு மூலையில் பல்பைத் தொங்கவிட்டு, இரண்டு ஆமைக் குட்டிகளைக் குடிவைத்தார்கள். தொட்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"பாருங்கடா செல்லங்களா, நாலு பக்கமும் உலகத்தையே காட்டுறேன்!" என்றது.

குட்டிகள் பார்த்தன. ஜன்னலோரம் ஒரு செடி தெரிந்தது. அதை நோக்கி நடந்தன. மூக்கு முட்டியது. மறுபடியும் நடந்தன. காலையில் போட்ட கீரை அப்படியே வாடிக் கிடந்தது. இரண்டில் சின்னவனுக்கு மூக்குத் தோலே உரிந்துவிட்டது.

தொட்டிக்கு மனசு கேட்கவில்லை. "ஏண்டா சாப்பிடாம முட்டிக்கிட்டே இருக்கீங்க?"

"வழி தெரியுது, போகத்தான் முடியல," என்றான் சின்னவன்.

மறுநாள் சின்னவனின் மூக்கைப் பார்த்த வீட்டுக்காரி, பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டு மிஞ்சிய பிரவுன் ஷீட்டைத் தொட்டியைச் சுற்றி ஒட்டிவிட்டாள்.

"என் அழகே போச்சு! இனிமே யார் என்னைத் திரும்பிப் பார்ப்பா?" என்று தொட்டி புலம்பித் தீர்த்தது. உள்ளே குட்டிகள் நாலு பக்கமும் பார்த்தன; செடி தெரியவில்லை. பிறகு கீரைப் பக்கம் திரும்பின.

சாயங்காலம் விருந்தாளிகள் வந்தார்கள். பல்பு அவசரமாகக் கூப்பிட்டது. "ஏய், என் சூட்டுல ஒரு ஓரம் தாள் பிரிஞ்சிருக்கு. லேசா ஒரு உதறு உதறினா மொத்தமும் விழுந்துடும். எல்லாரும் உன்னைப் பார்க்கட்டும்!"

"மெதுவாப் பேசு," என்றது தொட்டி. "சின்னவன் என்மேல சாஞ்சு தூங்குறான்."